கச்சேரியைக் கலைக்காத கேமரா

படம் பிடிக்க ஒருவர் அரங்கில் உட்கார்ந்திருக்கிறார் என்பது பாடகருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். வர்ணம் முடிவதற்குள் அது அவருக்கு மறந்தும் போய்விட வேண்டும். இந்த அத்தியாயத்தில் வருகிற மைக், வயர், கேமரா, பேட்டரி எல்லாம் இந்த இரண்டையும் மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுத்தவை. வீட்டு மேசையில் சால்டரிங் அயர்ன் பிடித்துச் செய்துகொண்ட மைக், ஒரு சின்ன ரெக்கார்டர், கையில் இருக்கும் ஃபோன், இவை போதும். பணத்தைவிட முன்யோசனைதான் அதிகம் தேவைப்படும்.

திருட்டுத்தனமாகப் பதிவு செய்யும் உபாயம் எதுவும் இதில் இல்லை. சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். செய்வது யார் கண்ணிலும் காதிலும் படக்கூடாது. எனக்குத் தெரிந்த நல்ல பதிவாளர்கள் எல்லோரும் அப்படித்தான் வேலை செய்கிறார்கள். ஒளித்து எடுப்பவருக்கு மைக்கைச் சரியான இடத்தில் வைக்க முடியாது. பையின் ஜிப்புக்குள்ளிருந்து வரும் சத்தம் பை மாதிரியேதான் கேட்கும்.

நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட பழக்கம்

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பராவில் நூலகராக இருந்தவர் லயனல் மேப்பிள்சன். அவர் எடிசன் கம்பெனியின் வீட்டு உபயோக ஃபோனோகிராஃப் ஒன்றை வாங்கினார். 1901 முதல் 1903 வரை மேடையில் நடந்துகொண்டிருந்த ஆப்பராக்களை மெழுகு உருளைகளில் பிடித்தார். முதலில் மேடைக்குக் கீழே, வசனம் எடுத்துக்கொடுப்பவரின் கூண்டில் கருவியை வைத்துப் பார்த்தார். பிறகு பெரிய குழாய் ஒன்றை மாட்டி, மேடைக்கு மேலே திரை இழுக்கும் பரணுக்கு அதைக் கொண்டுபோனார். ஓர் உருளையில் அடங்கியது சுமார் இரண்டு நிமிடம். கரகரவென்று கேட்கும் அந்தத் துண்டுகள் இன்று நியூயார்க் பொது நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அந்தக் காலப் பெரும் பாடகர்கள் ஸ்டூடியோவில் அல்லாமல் சபையோர் முன்னால் எப்படிப் பாடினார்கள் என்பதற்கு அவற்றைப்போன்ற சாட்சி அரிது.

நம்முடைய கதையும் இதற்குத் தூரம் இல்லை. 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம், கொஞ்சம் கூடப் போனால் இன்னும் சில விநாடிகள். ஜி.என். பாலசுப்பிரமணியம் ஓர் அரங்கில் விரித்த ராக ஆலாபனையோ, மதுரை மணி ஐயர் பொழிந்த கல்பனா ஸ்வரமோ, புல்லாங்குழல் மாலியின் ஒரு முழு மாலையோ அதற்குள் எப்படி அடங்கும்? இவர்களுடைய நீண்ட கச்சேரிகளை இன்றைக்கு நாம் கேட்கிறோம் என்றால் அதற்கு ஒரு காரணம் வானொலி. இன்னொரு காரணம், கனமான ஸ்பூல் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு சபாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் போன ரசிகர்கள். இந்த நூலை எழுதுவதற்கே அவர்கள்தான் தூண்டுதல்.

அமெரிக்காவில் கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் குழு இதைக் கையாண்ட விதத்தையும் நம் சபாக்காரர்கள் தெரிந்துகொள்வது நல்லது. அவர்களுடைய ரசிகர்கள் பல வருஷங்களாகவே கச்சேரிகளை டேப் செய்து, காசு வாங்காமல் தங்களுக்குள் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். குழுவும் அதைத் தடுக்கவில்லை. தொல்லை வேறு பக்கத்திலிருந்து வந்தது. மைக் மாட்டிய கழிகள் காடுபோல் எழும்பி, பின்னால் இருப்பவர்களுக்கும் ஒலிக்கலவை மேசைக்கும் மேடையை மறைத்தன. 1984 அக்டோபரில் பெர்க்லி கச்சேரிகளில் தொடங்கி, ஒலிக்கலவை மேசைக்குப் பின்னால் டேப் செய்பவர்களுக்கென்று தனிப் பகுதியும் தனி டிக்கெட்டும் கொடுத்தார்கள். அனுமதியும் இடமும் ஒன்றாகக் கிடைத்தன. மார்கழியில் ஒவ்வொரு சபாவும் கடைசி வரிசையில் நான்கு நாற்காலிகளை இப்படி ஒதுக்கிவிட்டால், நடைபாதையில் ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள் தொல்லை பாதியாகிவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் கேளுங்கள்

இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957-இல் வந்தது. 1994 திருத்தத்துக்குப் பிறகு, மேடையில் நிகழ்த்துபவருக்கு அந்த நிகழ்ச்சியின் மேல் தனி உரிமை உண்டு என்று அதன் 38-ஆம் பிரிவு சொல்கிறது. இன்றைய நிலையில் அந்த உரிமைக்கு ஆயுள் 50 ஆண்டு. அடுத்து வரும் 39-ஆம் பிரிவு, பதிவு செய்பவர் தம் சொந்த உபயோகத்துக்கோ, உண்மையான கற்பித்தலுக்கோ ஆராய்ச்சிக்கோ ஒலியாகவும் படமாகவும் எடுத்துக்கொள்வது அந்த உரிமையை மீறுவதாகாது என்கிறது. இதைப் படித்ததும் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது. அரங்கத்துக்கு அரங்கம் விதி உண்டு. டிக்கெட்டின் பின்பக்கம் பதிவு கூடாது என்று அச்சிட்டிருந்தால், அதை ஒப்புக்கொண்டுதான் நீங்கள் உள்ளே நுழைகிறீர்கள். இணையத்தில் ஏற்றுவது சொந்த உபயோகத்தில் சேராது. பாட்டின் உரிமை இன்னொரு தனிக் கணக்கு. தியாகராஜர் கிருதிக்கு யாரும் உரிமை கோர முடியாது. 1973-இல் காலமான பாபநாசம் சிவனின் பாடல்களுக்கு 2033 முடியும் வரை காப்புரிமை இருக்கிறது.

ஆகவே இரண்டு இடத்தில் கேட்க வேண்டும். சபா செயலாளரிடம் ஒரு வாரம் முன்னதாக, முடிந்தால் நேரில்:

"சார், சனிக்கிழமை சாயங்காலக் கச்சேரியை என் சொந்த உபயோகத்துக்குப் பதிவு பண்ணிக்கலாமா? ட்ரைபாட் கிடையாது. என் சீட்டிலேயே உட்கார்ந்துப்பேன். எதிலும் அப்லோட் பண்ண மாட்டேன்."

"வித்வான் சரின்னா எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. நடுவுலே எழுந்து நடக்காதீங்கோ, அவ்வளவுதான்."

பாடகரிடம் கேட்கும்போது பக்கவாத்தியக்காரர்களையும் சேர்த்துக் கேட்க வேண்டும். வயலினும் மிருதங்கமும் வாசிப்பவர்களுக்கும் அதே உரிமை உண்டு. நிறையப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள். பாடகரின் வாட்ஸாப்பில் ஒரு வரி, பக்கவாத்தியக்காரர்களுக்கு ஆளுக்கு ஒரு வரி அனுப்பினால் போதும். கச்சேரி நாளன்று மேடைக்குப் பின்னால் போய்ச் சுருதி சேர்க்கும் நேரத்தில் கேட்காதீர்கள். அந்த நேரத்தில் அவர் தரும் 'சரி'க்கு அர்த்தம் கிடையாது. 'வேண்டாம்' என்று பதில் வந்தால் கருவியை வீட்டில் வைத்துவிட்டுப் போய்க் கேளுங்கள்.

மைக் செய்யும் முறை

படம் சுமாராக இருந்தாலும் சத்தம் நன்றாக இருந்தால் ஜனங்கள் மூன்று மணி நேரம் உட்கார்ந்து கேட்பார்கள். படம் பளிச்சென்று இருந்து சத்தம் கெட்டுவிட்டால் மூன்று நிமிடம் தாங்க மாட்டார்கள். அதனால் உழைப்பில் பெரும்பகுதியை மைக்கில் போட வேண்டும். ஃபோனில் இருக்கும் மைக் பேச்சுக்காகச் செய்தது. பாட்டு தாழ்ந்தால் சத்தத்தைத் தானே தூக்கும், ஏறினால் அமுக்கும். தம்புரா மூச்சு வாங்குவதுபோல் பொங்கிப் பொங்கி அடங்கும்.

நமக்கு வேண்டியது இரண்டு எலக்ட்ரெட் கேப்ஸ்யூல். 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள சின்ன வில்லை. ரிச்சி தெருவில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் சாதா கேப்ஸ்யூலிலும் வேலை நடக்கும். ஆனால் அதன் சொந்த இரைச்சல் அதிகம், ஆலாபனையில் பாடகர் மூச்சு விடும் இடைவெளியில் 'ஸ்ஸ்' என்று கேட்கும். வீட்டில் மைக் செய்கிறவர்கள் பெரிதும் நாடுவது ஜப்பானின் பிரைமோ கம்பெனி தயாரித்த ஈஎம்172 என்ற கேப்ஸ்யூலையும், அதற்கு மாற்றாக வந்த ஈஎம்272-ஐயும். இவற்றின் சொந்த இரைச்சல் 14 டெசிபெல் அளவுதான். வரவழைக்கக் கொஞ்சம் செலவாகும். இந்த அத்தியாயத்தில் நான் தாராளமாகச் செலவு செய்யச் சொல்லும் ஒரே பொருள் இது.

கேப்ஸ்யூலைத் திருப்பிப் பார்த்தால் இரண்டு ஈயப் பொட்டுகள் இருக்கும். அவற்றில் ஒன்றிலிருந்து மெல்லிய கோடுகள் உலோக ஓட்டுக்குப் போகும். அதுதான் கிரவுண்ட், மற்றது பாசிட்டிவ். மெலிதான ஷீல்டு வயரை எடுத்து, உள்கம்பியைப் பாசிட்டிவிலும் மேல் பின்னலைக் கிரவுண்டிலும் பற்றவைக்க வேண்டும். எங்கே கெட்டுப்போகும் என்றால் இங்கேதான். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் சவ்வும் சின்ன டிரான்சிஸ்டரும் சூடு தாங்காதவை. வயரின் நுனியில் முதலிலேயே ஈயம் பூசி வைத்துக்கொண்டு, அயர்ன் நுனியைப் பொட்டில் வைத்து இரண்டு விநாடிக்குள் எடுத்துவிட வேண்டும். ஒட்டவில்லை என்றால் ஊதி ஆறவிட்டு, ஒரு நிமிடம் கழித்து மறுபடி. அவசரப்பட்டு அழுத்திப் பிடித்தால் கேப்ஸ்யூல் வேலை செய்யும், ஆனால் அதன் காது மந்தமாகிவிடும். சாகாமல் கெட்டுப்போவதால் பலருக்கு இது தெரிவதே இல்லை. இரண்டு பொட்டுகளுக்கும் குறுக்கே 33 பிகோஃபாரட் செராமிக் கெபாசிட்டர் ஒன்றை வைத்துவிட்டால், பக்கத்து இருக்கை மொபைல் கிளப்பும் 'டிட்டிட்-டிட்டிட்' குறைந்துவிடும்.

வயரின் மறுமுனைக்கு 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ பின். நுனியில் இடப்பக்க மைக், நடு வளையத்தில் வலப்பக்க மைக், அடிப்பகுதியில் இரண்டு ஷீல்டும். பெரும்பாலான சின்ன ரெக்கார்டர்கள் இந்தப் பின் வழியாகவே கேப்ஸ்யூலுக்கு வேண்டிய 2.5 அல்லது 3 வோல்ட் மின்சாரத்தைக் கொடுக்கும். மெனுவில் 'பிளக்-இன் பவர்' என்று இருக்கும், ஆன் செய்யுங்கள். அந்த வசதி இல்லாத கருவி என்றால் 9 வோல்ட் பேட்டரி ஒன்று, மைக்குக்கு ஒன்றாக 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், 2.2 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், இவற்றை ஒரு சிறிய டப்பாவில் அடக்கிவிடலாம். மின்செலவு மிகக் குறைவு. ஒரு அல்கலைன் பேட்டரி நூற்றுக்கணக்கான மணி நேரம் வரும்.

இந்தக் கேப்ஸ்யூல்கள் எல்லாத் திசையிலிருந்தும் ஒரே மாதிரி கேட்பவை. ஆகவே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இடம், வலம் என்ற வித்தியாசம் கிடைக்காது. எலெக்ட்ரீஷியன்கள் சுவரில் பதிக்கும் கருப்பு கண்டூயிட் பைப்பில் 30 சென்டிமீட்டர் வெட்டி, இரு முனையிலும் ரப்பர் வளையத்துக்குள் கேப்ஸ்யூலைச் செருகி, வயரை உள்ளேயே ஓட்டிவிடுங்கள். மேலே ஸ்பாஞ்ச் உறை. இதை முன் இருக்கையின் முதுகில் ஒரு கிளிப் போட்டு மாட்டினால் அங்கே மைக் இருப்பதே தெரியாது. முன்னால் உட்காருபவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை.

இன்னும் நல்ல ஸ்டீரியோ வேண்டுமென்றால், சுவிட்சர்லாந்து வானொலியின் ஒலிப் பொறியாளர் யுர்க் யெக்லின் வகுத்த தட்டு இருக்கிறது. 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டப் பலகை, இரு பக்கமும் ஒலியை உறிஞ்சும் நுரை, பலகைக்கு இந்தப் பக்கம் ஒரு மைக், அந்தப் பக்கம் ஒரு மைக், இரண்டுக்கும் இடையே 16.5 சென்டிமீட்டர். கேக் பெட்டியின் அடி அட்டையும் பழைய யோகா விரிப்பும் இருந்தால் வீட்டிலேயே செய்துவிடலாம். பொது அரங்குக்கு இது பெரிது, எல்லோர் கண்ணையும் உறுத்தும். ஒலிபெருக்கி இல்லாத வீட்டுக் கச்சேரிக்கு இதைவிட நல்லது நான் கேட்டதில்லை. பாடகரிடமிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வைத்தால் மிருதங்கத்தின் தொப்பி எழுப்பும் கும்கி முதல் வயலின் வில் திரும்பும் சத்தம் வரைக்கும் அப்படியே கிடைக்கும்.

சிலர் கேப்ஸ்யூல்களைச் சட்டைக் காலரின் இரு முனையிலும் மாட்டிக்கொள்கிறார்கள். அசையாமல் இருக்கத் தெரிந்தவருக்குச் சரி. மூக்குக் கண்ணாடிக் காம்பில் மாட்டுவது மட்டும் நம் சங்கீதத்துக்கு ஒத்துவராது. நல்ல சங்கதி வந்தால் தலை தானாக ஆடும், கூடவே மேடையும் இடம் வலமாக ஆடும்.

இருக்கையும் லெவலும்

சபாவில் நாம் பெரும்பாலும் கேட்பது ஒலிபெருக்கியைத்தான். இரண்டு ஒலிபெருக்கிக் கோபுரங்களுக்கும் சம தூரத்தில், மேடையிலிருந்து அரங்கின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி உள்ள இடத்தில் குரலும் அறையின் எதிரொலியும் நல்ல விகிதத்தில் சேரும். நட்டநடுவில் உட்கார்ந்தால் படத்துக்கு ஒரு தொல்லை உண்டு. பாடகரின் வாய்க்கு நேராக மேடை மைக் நிற்கும். மூன்று மணி நேரமும் முகத்தில் ஒரு கருப்பு உருண்டை. இரண்டு மூன்று இருக்கை ஒதுங்கினால் வாய் தெரியும். ஏசி காற்று நேராக இறங்கும் இடத்தையும், கேன்டீன் பக்கக் கதவையும் தவிர்க்க வேண்டும். கோயில் கச்சேரி என்றால் முதலில் பெடஸ்டல் ஃபேன் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள்.

ஒலிக்கலவை மேசைக்காரர் மனம் வைத்தால் அங்கிருந்து ஒரு லைன் வாங்கலாம். ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். சின்ன அரங்கில் மிருதங்கம் தன் சொந்தச் சத்தத்திலேயே கடைசி வரிசைக்கு எட்டுவதால், மேசைக்காரர் அதைக் குறைத்துத்தான் வைத்திருப்பார். அந்த லைனில் குரல் முகத்தில் அடிக்கும், மிருதங்கம் பக்கத்து அறையில் கேட்கும். இரண்டையும் எடுத்து வீட்டில் கலப்பதுதான் வழி. மேசையின் சத்தம் மைக் துளைக்கு மிக அதிகம் என்பதால் நடுவே 10 கிலோ ஓம், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர்களால் ஒரு தணிப்பான் செய்துகொள்ளுங்கள்; சுமார் 21 டெசிபெல் குறையும். இந்த லைனைச் செருகும்போது பிளக்-இன் பவரை அணைத்துவிட வேண்டும்.

ரெக்கார்டரில் வேவ் கோப்பு, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். மணிக்குச் சுமார் 1 ஜிபி. தானியங்கி லெவல், லோ-கட் இரண்டையும் அணையுங்கள். லோ-கட் இருந்தால் தொப்பியின் அடிநாதம் போய்விடும். சுருதி சேர்க்கும்போதே பதிவைத் தொடங்கிவிட்டால் லெவல் பார்க்க அவகாசம் கிடைக்கும். வர்ணத்தில் உச்சம் மைனஸ் 18 டெசிபெல்லைத் தொடுகிற மாதிரி வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். குறைவாகத் தோன்றும். குரல் சூடேறிய பிறகு அது தானே ஏறும். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் சேர்ந்து கோர்வையை முடிக்கும் இடத்தில் இன்னும் ஏறும். அதற்கு அடுத்த விநாடி உங்கள் பக்கத்து இருக்கைக்காரர் மைக்குக்கு அரை மீட்டரில் கைதட்டுவார். 24 பிட்டில் குறைந்த லெவலை வீட்டில் உயர்த்திக்கொள்ளலாம். உடைந்த சத்தத்தை ஒட்டவைக்க வழி இல்லை.

படம்

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் விநாடிக்கு 25 படம், ஷட்டர் 1/50 என்று வையுங்கள்; மேடை விளக்கு படத்தில் துடிக்காது. 30 படத்தில் எடுத்தே ஆக வேண்டுமென்றாலும் ஷட்டர் 1/50 அல்லது 1/100-இல் இருக்கட்டும். ஃபோனில் இதையெல்லாம் கையால் வைக்க விடும் கேமரா செயலி ஒன்று தேவை.

சபா மேடையில் கேமராவை ஏமாற்றுவது பின்னால் தொங்கும் ஃபிளெக்ஸ் பேனர். புரவலர் பெயர்கள் வெள்ளைப் பின்னணியில் பளபளக்கும். கேமரா அதைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், பாடகர் முகம் இருண்டுவிடும். முகத்துக்கு வெளிச்சத்தை அளந்து பூட்டிவிடுங்கள், பேனர் வெளுத்தால் வெளுக்கட்டும். குவியத்தையும் வண்ணச் சமநிலையையும் அதேபோல் பூட்ட வேண்டும். இல்லாவிட்டால் முன்னால் ஒருவர் தலை நிமிரும்போதெல்லாம் மேடை மங்கிப் போகும். தொலைவு லென்ஸைவிட ஃபோனின் பிரதான லென்ஸே மங்கிய வெளிச்சத்தில் நன்றாக எடுக்கும். 4கே-யில் அகலமாக எடுத்து, வீட்டில் வெட்டிக்கொள்ளலாம்.

சட்டகத்தை மேடையில் எல்லோரும் உட்கார்ந்த பிறகே முடிவு செய்யுங்கள். பழனி சுப்பிரமணிய பிள்ளையைப்போல மிருதங்க வித்வான் இடக்கைக்காரராக இருந்தால் வயலினும் மிருதங்கமும் இடம் மாறும். பாடகரும் வயலினும் மிருதங்கமும் ஒரே சட்டகத்தில் இருக்க வேண்டும், கைகள் வெட்டுப்படக் கூடாது. வயலின்காரர் பாடகரைத் திரும்பிப் பார்ப்பதும், மிருதங்க வித்வான் கண்ணாலேயே கடக்காரருக்கு விட்டுக்கொடுப்பதும்தான் படத்தில் கிடைக்கும் லாபம். பாடகர் முகத்தை மட்டும் நெருக்கி எடுத்தால் அது போய்விடும். கேமராவை நகர்த்தவே வேண்டாம்.

மூன்று மணி நேரம் யாருக்கும் தெரியாமல்

அரங்கில் ஃபோன் திரை ஒரு டார்ச் லைட். பின்னால் இருக்கும் நாற்பது பேருக்கும் உறுத்தும். வெளிச்சத்தைக் கடைசி அளவுக்குக் குறைத்து, மேலே கருப்புத் துணி மடல் ஒன்று ஒட்டிவிடுங்கள். ரெக்கார்டரின் சிவப்பு விளக்குக்குக் கருப்பு இன்சுலேஷன் டேப். பீப் ஒலிகள், ஷட்டர் சத்தம், அதிர்வு எல்லாவற்றையும் அணைத்து, ஃப்ளைட் மோடில் போடுங்கள். கச்சேரி நடுவில் ஒரு அழைப்பு வந்தால் சில ஃபோன்களில் பதிவே நின்றுவிடும். ட்ரைபாட்டைவிட இருக்கைக் கையில் பற்றும் கிளாம்ப் நல்லது. கிளாம்ப்புக்கு அடியில் கட்டி ஸ்பாஞ்ச் வையுங்கள். தொடையில் தாளம் போடும் ரசிகரின் ஒவ்வொரு தட்டும் நாற்காலி வழியாக ஏறி மைக்குக்கு வரும். உங்கள் தாளத்தை விரலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 'ஆஹா'வை மனத்துக்குள் சொல்லுங்கள்.

பவர் பேங்க்கில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். மின்சாரம் குறைவாக இழுக்கும் கருவி என்றால் சில பவர் பேங்க்குகள் வேலை முடிந்தது என்று நினைத்துத் தாமாகவே அணைந்துவிடும். சிலவற்றிலிருந்து 'ங்ஙீ' என்ற மெல்லிய ரீங்காரம் மைக் லைனில் ஏறும். ஆகவே ரெக்கார்டருக்கு உள்பேட்டரி, ஃபோனுக்கு மட்டும் பவர் பேங்க் என்று பிரித்துவிடுவது உத்தமம். எல்லாவற்றையும் ஒருமுறை வீட்டு ஹாலில் வைத்து, தம்புரா செயலியை ஓடவிட்டு, முழு மூன்று மணி நேரம் சோதித்துப் பாருங்கள். மெமரி கார்டு எக்ஸ்-ஃபேட் முறையில் இருக்கட்டும். பழைய ஃபேட்32 கார்டு 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பை ஏற்காது. 17 மெகாபிட் வேகத்தில் எடுக்கும் படம் மணிக்கு ஏழரை ஜிபிக்கு மேல் தின்னும். பழைய டிஜிட்டல் கேமராக்கள் பல 29 நிமிடம் 59 விநாடியில் தாமாக நின்றுவிடும் என்பதால் இந்த வேலைக்கு ஆகாது.

தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் ஒரு கூட்டம் எழுந்து கேன்டீனுக்குக் கிளம்பும். மடக்கு இருக்கைகள் படபடவென்று மூடும். அந்தச் சத்தம் மைக்கில் விழாமல் தப்பிக்க நடைபாதை ஓரத்து இருக்கையைத் தவிர்ப்பது ஒன்றுதான் வழி. நீங்கள் அந்த நேரத்தில் எழ வேண்டாம், பேட்டரி மாற்றவும் வேண்டாம். கை வைத்தே ஆக வேண்டிய நிலை வந்தால் பாட்டு முடிந்து கைதட்டல் எழும்போது செய்யுங்கள். மங்களம் முடிந்து திரை விழும்வரை பதிவு ஓடட்டும். நன்றி சொல்லும் உரையில் கலைஞர்களின் பெயரும் தேதியும் வரும். முப்பது வருஷம் கழித்து இது யார், எப்போது என்று தேடுபவருக்கு அதுவே சான்று.

வீட்டுக்கு வந்த பிறகு

அன்று இரவே இரண்டு தனித்தனி டிஸ்க்கில் பிரதி எடுத்துவிட்டுப் படுங்கள். கார்டை அழிப்பது ஒரு வாரம் கழித்து.

படத்தையும் சத்தத்தையும் பொருத்த, மிருதங்கத்தில் தெளிவான ஒரு சாப்புத் தட்டைக் கச்சேரி ஆரம்பத்தில் தேர்ந்தெடுத்து, கை இறங்கும் படத்தோடு சேருங்கள். பிறகு மங்களத்துக்குப் போய்ப் பாருங்கள், விலகியிருக்கும். ரெக்கார்டரின் கடிகாரமும் ஃபோனின் கடிகாரமும் ஒன்றல்ல. பத்து லட்சத்தில் 20 பங்கு வேறுபட்டாலே மூன்று மணி நேரத்தில் 0.2 விநாடி, அதாவது ஐந்து படம் தள்ளிப்போகும். ஃபோன்கள் வெளிச்சத்துக்கு ஏற்ப விநாடிக்கு எத்தனை படம் என்பதையும் மாற்றிக்கொள்வதால், முதலில் படத்தை நிலையான 25-க்கு மாற்றிவிட வேண்டும். அதன்பின் ஒலித்தடத்தைக் கடைசித் தட்டுக்குப் பொருந்துமாறு இழுத்தோ சுருக்கியோ விடலாம். இவ்வளவு சிறிய மாற்றத்தால் சுருதி விலகுவது காதுக்குத் தெரியாது.

மேசை லைனையும் உங்கள் மைக்கையும் கலப்பவர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. நம் ஊர் வெப்பத்தில் ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகிறது. ஒலிபெருக்கியிலிருந்து 15 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் உங்கள் மைக்கில் சத்தம் 43 மில்லிவிநாடி தாமதமாக விழும். மைக் தடத்தை அந்த அளவு முன்னால் நகர்த்திய பிறகே கலக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு தட்டும் இரண்டாகக் கேட்கும்.

இரைச்சல் நீக்கும் மென்பொருளை இதில் ஓடவிடாதீர்கள். தம்புராவை இரைச்சல் என்று நினைத்து அது தின்றுவிடும். இருமலை வெட்டாதீர்கள், தாளம் உடையும். கைதட்டலை மட்டும் சற்றுத் தாழ்த்திக்கொள்ளலாம்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு, மாதம், தேதி, பாடகர், அரங்கம் என்ற வரிசையில் வையுங்கள். கணினி தானே காலவரிசையில் அடுக்கிக்கொள்ளும். பக்கவாத்தியக்காரர்கள் பெயர், பாடல், ராகம், தாளம், எந்த நிமிடத்தில் எது என்பதை ஒரு எளிய உரைக்கோப்பில் தட்டி அதே உறையில் போடுங்கள். ராகம் தெரியாவிட்டால் பாடலின் முதல் வரியை மட்டும் எழுதுங்கள்.

ஒரு வாரத்துக்குள் பென் டிரைவில் பிரதி எடுத்துப் பாடகருக்கும் பக்கவாத்தியக்காரர்களுக்கும் கொடுத்துவிடுங்கள். சிலர் கேட்டுவிட்டு, அந்தப் பல்லவியில் அன்றைக்குத் தொண்டை சரியில்லை, அதை மட்டும் யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்பார்கள். சரி என்று சொல்லிவிட்டு, உரைக்கோப்பில் அந்தப் பாடலுக்கு நேராக 'பகிர வேண்டாம், கலைஞர் கேட்டுக்கொண்டார்' என்று தேதி போட்டு எழுதி வையுங்கள். உங்களுக்குப் பிறகு இந்த டிஸ்க்கைத் திறப்பவருக்கும் அது தெரிய வேண்டும்.